பட்டாளத்துப் பழைய ரைபிளும் பயிர்க் காவலும்

நமது சங்க நிர்வாகக் குழுவுக்குச் சென்ற மாதம் ஒரு மனு வந்தது. நிலக்கடலையும் மரவள்ளியும் பயிரிடும் அங்கத்தினர் பதினொருவர் அதில் கையொப்பமிட்டிருக்கின்றனர். அவர்களுள் மூவர் தறியும் உடையவர்கள். காட்டுப் பன்றியும் முயலும் மயிலும் வெள்ளாமையைத் தின்று அழிக்கின்றன. வெளிநாடுகளில் பட்டாளத்தார் கழித்துவிடும் பழைய ரைபிள்களைக் குடியானவர்கள் சகாய விலைக்கு வாங்கிப் பயிரைக் காத்துக்கொள்கின்றனர். நம் நாட்டிலும் அத்தகைய ரைபிள்களைக் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக வழங்குமாறு சர்க்காரை வேண்டி மகாசபையில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இதுவே அம்மனுவின் சாரம்.

மனுச் செய்தவர்களின் துன்பத்தை நாம் அறியாதவர்களல்லோம். கடலை பறிக்கப் பத்து நாள் இருக்கையில், இரவோடிரவாக ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால், விடிந்து போய்ப் பார்க்கும்போது உழுது போட்ட நிலந்தான் மிஞ்சும். விதைக்கடலைக்கு நமது சங்கத்திலேயே கடன் வாங்கியவர் அடுத்த தவணைக்கு என்ன செய்வார்? அந்தக் கடன் பேரேட்டைப் பார்ப்பவர்கள் நாம். ஆகையால் மனுவை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. எனினும் தீர்மானத்தை நாம் ஆதரிக்கவில்லை. அதற்குரிய காரணங்களை மகாசபைக்கு முன்னதாகவே அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலமென்று கருதி இதனை எழுதுகிறோம்.

முதலில் சட்டம். நம் போலீசார் நெடுங்காலம் தோளில் சுமந்த .303 ரைபிளையும், அதற்குப் பின் வந்த 7.62 மில்லிமீட்டர் ரைபிளையும் நம் நாட்டு ஆயுத விதிகள் தடைசெய்யப்பட்ட துளை அளவுகளாக வகுத்திருக்கின்றன. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கென்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, குழல்வாயின் வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியையே. ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறினும் காரியம் கைகூடுமென்று நமக்குத் தோன்றவில்லை. ஆனால் சட்டம் இடந்தரவில்லை என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திவிடுவதும் முறையன்று. சட்டங்கள் மனிதர் செய்பவை, மாறவும் கூடும். மாறினால்தான் என்ன, அந்த ரைபிள் பயிர்க் காவலுக்கு நல்ல கருவிதானா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அக்கேள்விக்கு விடை அதனை வாங்கிப் புழங்கிய நாடுகளிலேதான் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். 1859-இல் விக்டோரியா மாகாணத்தில் தாமஸ் ஆஸ்டின் என்னும் பண்ணையார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து தருவித்து விட்ட சில முயல்கள், இரண்டு தலைமுறைக்குள் அக்கண்டத்தின் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டன. ஆடுகளுக்குரிய புல்லை முயல்கள் மேய்ந்தன. புல் போன இடத்தில் மண் காற்றில் பறந்தது. இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்ததும், நியூ சவுத் வேல்ஸிலுள்ள லித்கோ தொழிற்சாலையில் லட்சக்கணக்கிற் செய்த .303 ரைபிள்கள் குடிமக்கள் கைக்கு மலிவாக வந்தன. குடியானவரிற் பலர் போரில் அதே ரைபிளைச் சுமந்தவர்கள். கை பழகிய கருவி, விலையோ சொற்பம், வாங்கியதில் வியப்பில்லை.

வாங்கிய பின்னரே கணக்குப் புரிந்தது. .303 தோட்டாவின் குண்டு 11 கிராம் எடையுள்ளது. விநாடிக்கு 2,440 அடி வேகத்திற் குழலை விட்டுப் புறப்படுவது. முயலின் எடையோ ஒன்றரைக் கிலோ. அக்காலத்தில் முயலின் தோலுக்கும் இறைச்சிக்கும் விலை இருந்தது. தொப்பி செய்வோர் முயல் மயிரை வாங்கினர். .303 பட்ட முயலில் விற்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. பயிரைக் காத்ததுமாயிற்று, கையிற் காசும் வந்தது என்றிருக்க வேண்டிய தொழில், தோட்டாச் செலவு மட்டும் மிஞ்சும் தொழிலாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் பட்டாளத் தோட்டா இடும் ரைபிள்களைக் குடிமக்கள் வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. ஆகவே அவ்வூர்த் துப்பாக்கித் தொழிலாளர் 1940-களில் .303 தோட்டாக் கூட்டின் கழுத்தை நெருக்கி, கால் அங்குலக் குண்டு பொருத்தி, அதற்கேற்ற புதுக் குழலைப் பழைய ரைபிளில் மாட்டினர். .303/25 என்று அதற்குப் பெயர். சட்டத்தின் நெருக்கடியாற் பிறந்த அத்தோட்டா, குண்டு இலேசானதாகையால் சிறு விலங்குக்குப் பழையதைவிடப் பொருத்தமாக அமைந்தது. நம் நாட்டிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. பட்டாளத்துத் தோட்டா குடிமக்களின் கையில் இருத்தலாகாதென்று ஆங்கிலேயர் விதித்த தடையினாலேயே .315 என்னும் அளவு இங்கே வழக்கில் வந்தது. வங்காளத்தில் ஈசாப்பூர் தொழிற்சாலை செய்த .315 வேட்டை ரைபிள், உருவத்தில் .303-இன் தம்பியே.

அமெரிக்காவின் கதை சற்று வேறு. அங்கே புல்வெளிகளில் பிரெய்ரி நாய் என்றொரு பிராணி வளை தோண்டி வாழ்கிறது. பெயர்தான் நாய், இனத்தால் அணில். உட்சக் என்னும் மற்றொன்றும் அவ்வாறே வரப்பையும் களஞ்சியத்தின் அடித்தளத்தையும் குடைவது. இவற்றைச் சுடுவதற்கு 1950-களிலும் 1960-களிலும் ஐரோப்பியப் படைகள் கழித்த ரைபிள்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. தபாலிற் பணம் அனுப்பினால் தபாலிலேயே ரைபிள் வந்தது. 1963-இல் ஓர் இத்தாலியப் பட்டாள ரைபிள் தொலைநோக்கியுடன் 19 டாலர் 95 சென்டுக்கு விற்றது. அவ்விதம் தபாலில் வாங்கிய ஒன்றாலேயே அவ்வாண்டு நவம்பர் 22-ஆம் தேதி ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார் என்பதை விசாரணைக் கமிஷன் பதிவு செய்திருக்கிறது. 1968-இல் வந்த சட்டம் தபால் விற்பனையையும் பட்டாளக் கழிவு ரைபிள்களின் இறக்குமதியையும் நிறுத்தியது. 1980-களில் பழம்பொருள் என்ற வகையில் இறக்குமதிக்கு மீண்டும் ஓரளவு வழி பிறந்தது. நமது ஈசாப்பூரிற் செய்த ரைபிள்களும் அவ்வாறு அந்தச் சந்தைக்குச் சென்றன.

அந்த மலிவு ரைபிள்களால் அமெரிக்கக் குடியானவர் கண்ட குறைகள் யாவை என்று பார்த்தால், எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: அவை மனிதனைச் சுடுவதற்குச் செய்தவை. மனித மார்பு அகலமானது. 100 கெஜத்தில் மூன்று நான்கு அங்குல வட்டத்துக்குள் குண்டுகள் விழுந்தால் பட்டாளத்துக்கு அது நல்ல ரைபிள். உட்சக்கின் தலை இரண்டு மூன்று அங்குலம். போரில் எதிரி தொலைவில் நிற்பவன். ஆகவே 1898-ஆம் ஆண்டு ஜெர்மன் மாசர் ரைபிளின் பின்குறியைத் தாழ்த்தக் கூடிய மட்டும் தாழ்த்தினாலும் அது 400 மீட்டருக்கே அமையும். சுவீடன் மாசரில் 300 மீட்டர். அதைக்கொண்டு 100 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் சிறு பிராணியைக் குறிவைத்தால் குண்டு அதன் தலைக்கு மேலே தாராளமாகப் பறந்துவிடும். 20-ஆம் நம்பர் நூலுக்குக் கட்டிய அச்சில் 100-ஆம் நம்பர் நூலை இழுத்துவிட்டு, நெசவு ஏன் சல்லடையாக இருக்கிறதென்று அச்சை நோவதில் பயன் என்ன? அச்சு நல்ல அச்சே. அது வேறு நூலுக்குரியது.

குண்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் இப்பொழுது விமான நிலையம் இருக்கிறது. அவ்வூர் ஆயுதச் சாலையில் 1890-களில் முனை திறந்த ஒரு குண்டைச் செய்தனர். உடலிற் பட்டதும் அது மலர்ந்து விரியும். மனிதர்மேல் அதனை ஏவுவது கொடுமையென்று 1899-இல் ஹேக் நகரிற் கூடிய நாடுகள், விரியும் குண்டுகளைப் போரில் விலக்குவதாக அறிக்கை செய்தன. அன்று முதல் பட்டாளக் குண்டு முழுவதும் செம்புக் கலவைக் கவசம் போர்த்தது, அது விரிவதில்லை. வேட்டையில் நியாயம் தலைகீழானது. விரியும் குண்டே விலங்கை நின்ற இடத்தில் வீழ்த்தும். சிறு பிராணிகளுக்கென்று செய்த மெல்லிய குண்டு தரையிற் பட்டாலும் பொடிந்துவிடும். கவசக் குண்டோ விலங்கினூடே ஊசிபோற் பாய்ந்து அதனைப் புதர்வரை ஓடவிட்டு மெல்லச் சாகச் செய்யும். கல்லிற் பட்டால் திசை மாறித் தெறிக்கும். மலிவு ரைபிளுக்கு மலிவாகக் கிடைப்பது இந்தக் கவசக் குண்டே என்பதை மறக்கலாகாது.

பழைய பட்டாளத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்புச் சேர்ந்திருக்கும். சுட்டபின் அது குழலுக்குள் வேறோர் உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சாயப் பட்டறையில் உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு என்னாகுமென்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றே வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் இடாவிட்டால் குழல் விரைவில் துருவேறும். எண்ணெய் மட்டும் இட்டால் உப்புக் கரையாது. கடையில் வாங்கும் பழைய ரைபிளை முன்பு வைத்திருந்த சிப்பாய் இந்த வேலையை ஒழுங்காகச் செய்தானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

இவ்வளவு கேட்ட பின்னும் அந்நாட்டுக் குடியானவர் ஒருவர், ‘என்னால் இயன்ற விலை இதுவே, எதைப் பார்த்து வாங்குவது?’ என்று கேட்பாரானால், அவருக்குச் சொல்லத் தக்கதும் உண்டு. போல்ட்டில் பொறித்த எண்ணும் ரைபிளின் உடலிற் பொறித்த எண்ணும் ஒன்றா என்று முதலிற் பார்க்க வேண்டும். கிடங்குகளில் பல ரைபிள்களைக் கழற்றிக் குவித்து மறுபடி பூட்டும்போது ஒன்றின் போல்ட் மற்றொன்றில் ஏறிவிடும். தோட்டா அறையில் மயிரிழை இடைவெளி மிகுந்தாலும் பித்தளைக் கூடு கிழிந்து, புகையும் நெருப்பும் சுடுபவர் முகத்துக்குத் திரும்பும். பிற்காலத்து .303-இல் இவ்விடைவெளியைச் சரிசெய்வதற்கென்றே போல்ட்டின் தலை 0 முதல் 3 வரை எண்ணிட்டு நான்கு அளவில் செய்யப்பட்டது.

அடுத்தது குழல்வாய். கயிற்றில் துணி கட்டி இழுத்துத் துடைக்கும் வழக்கத்தால் .303 ரைபிள்களில் வாயின் ஒரு பக்கம் கயிறு அறுத்துத் தேய்ந்திருப்பதுண்டு. நடுக்குழல் கண்ணாடிபோல் மின்னினாலும் வாய் தேய்ந்த ரைபிள் குறி தவறும். உள்ளே நோக்கி முறுக்குப் புரிகள் கூராக நிற்கின்றனவா, மரக்கட்டை மூடிய பகுதியில் குழல் துருத் தின்றிருக்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பளபளப்பான மெருகைக் கண்டு மயங்கலாகாது.

அமெரிக்காவின் சொந்த ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிளிலேயே ஓர் அபாயம் இருந்தது. 1903-ஆம் ஆண்டு மாதிரியில், ஸ்பிரிங்ஃபீல்ட் சாலையிற் செய்தவற்றுள் 8,00,000-க்குக் கீழ்ப்பட்ட எண்ணுள்ளவை சில வெடித்துச் சிதறின. காரணம் விந்தையானது. எஃகைக் காய்ச்சிய தொழிலாளர் அதன் சூட்டை நிறம் பார்த்துக் கண்ணாலேயே மதிப்பிட்டனர். வெயிலடிக்கும் நாளில் ஒரு நிறமாகவும் மேகம் மூடிய நாளில் வேறு நிறமாகவும் தோன்றியதால், பிரகாசமான நாட்களில் எஃகு அளவுக்கு மேற் காய்ந்து நொய்ந்துபோயிற்று. தேர்ந்த கைகள்தாம் அவை. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்தில் நூலுக்குச் சாயம் கூட்டியவர்கள் இதனைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள்.

நம்மைக் கேட்டால், போருக்கென்று செய்த ரைபிள்களில் சுவீடன் மாசர் ஒன்றையே துணிந்து சொல்லலாம். அதன் 6.5 மில்லிமீட்டர்க் குண்டு மெலிந்தது, உதை குறைவு, வேலைப்பாடு நேர்த்தி. பின்குறியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் முயல் அளவான பிராணிக்கு அதனினும் உகந்தது பட்டாளத்திலேயே வேறொன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் சுட்டுப் பழகுவதற்கென்று, .303-இன் உருவத்திலேயே .22 துளையில் செய்த பயிற்சி ரைபிள் அது. நம் கல்லூரிகளில் தேசிய மாணவர் படையிற் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதன் இனம் பழக்கமானதே. அதன் தோட்டா விலை குறைந்தது. ஓசையும் உதையும் சிறிது. 70, 80 கெஜத்துக்குள் குறி தப்பாது. முயலின் தோலும் கெடாது. பட்டாளத்துக் கருவிகளுள் போருக்கு உதவாத ஒன்றே பயிருக்கு உதவுகிறது! அதைவிடத் தொலைவில் சுட வேண்டியவர்க்கு, 1950-இல் அமெரிக்காவில் வெளிவந்த .222 போன்ற தோட்டாக்களுக்கென்று செய்த புது ரைபிளே ஏற்றது. அதன் குண்டு 3 கிராம்தான். வேகம் விநாடிக்கு 3,100 அடிக்கு மேல். பட்டாள ரைபிளை வாங்கி, கட்டையை அறுத்து, போல்ட் கைப்பிடியை வளைத்து, துளையிட்டுத் தொலைநோக்கி பூட்டி, குழலும் மாற்றிய பின் கூட்டிப் பார்த்தவர்களிற் பலர், புது ரைபிளின் விலையையே தாம் கொடுத்துவிட்டதைக் கண்டனர். இப்பொழுது அந்நாடுகளில் கைபடாத பட்டாள ரைபிளைப் பழம்பொருள் சேர்ப்போர் நல்ல விலைக்குக் கேட்கின்றனர். அறுத்துத் திருத்தியதைக் கேட்பாரில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். மனுவிற் கண்ட மூன்று பிராணிகளில் மயிலைச் சேர்த்திருக்கவே வேண்டாம். அது 1963 முதல் நம் தேசியப் பறவை. வன உயிர்ச் சட்டம் தரும் பாதுகாப்பிலும் முதல் வரிசையில் இருப்பது. நம் காட்டு முயலும் அச்சட்டத்தின் காவலில் உள்ளதே. எஞ்சியது பன்றி. அது சிற்றுயிரன்று, வளர்ந்த ஆண் பன்றி ஓர் ஆளின் எடைக்குக் குறையாது. மேலே நாம் புகழ்ந்த .22 அதன்மேற் பட்டால் காயந்தான் உண்டாகும். காயம்பட்ட பன்றி மறுநாள் விறகு பொறுக்கப் போகும் பெண்ணின்மேல் பாயும். அப்படியானால் .303 சரிதானே என்று மனுதாரர் கேட்கலாம். பன்றியை வீழ்த்துமா என்றால், வீழ்த்தும். குறி தவறிய குண்டு எங்கே போகும் என்பதே நம் கவலை.

ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணை பல்லாயிரம் ஏக்கர் கொண்டது. அடுத்த வீடு கண்ணுக்குத் தெரியாத தொலைவு. .303 குண்டு தடையின்றிப் பறந்தால் ஏறக்குறைய 2 மைல் செல்லும். நமது கடலைக் காட்டிலிருந்து 2 மைல் சுற்றளவில் மூன்று குக்கிராமங்கள், ஒரு பள்ளிக்கூடம், பஸ் போகும் சாலை, நம் சங்கத்தின் நெசவுக் கூடம் அனைத்தும் இருக்கின்றன. பன்றி வருவதோ இருட்டில். காவற்குடிசையிலிருந்து அசைவைக் கண்டு சுடுபவர், அடுத்த வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன பங்காளியைப் பன்றியென்று எண்ணமாட்டார் என்பதற்கு யார் பிணை? மனுவில் கையொப்பமிட்டவர்களுள் அண்டை அண்டையாக நிலமுடையவர்கள் ஆறு பேர். அவர்கள் ஒருவர்க்கொருவர் இதனைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சுடவே கூடாதென்பது நமது கட்சியன்று. கேரளத்தில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் தந்து, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரரைக் கொண்டு பயிரழிக்கும் பன்றியைச் சுட வழி செய்தனர். நமது மாநிலத்தில் 2025 ஜனவரியில், காப்புக் காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாமென்று அறிவிப்பு வந்தது. பயிற்சி பெற்ற கை, தக்க துப்பாக்கி, பகலில் இடம் பார்த்து நிற்கும் ஏற்பாடு என்பனவற்றோடு அது நடப்பதை நாம் வரவேற்கிறோம். மகாசபை சர்க்காரை வேண்டுவதானால், புகார் கொடுத்த சில நாட்களுக்குள் வனத்துறையினர் வந்து பார்க்க வேண்டும், பயிர்ச் சேதத்திற்கு நிவாரணம் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்று வேண்டட்டும். அத்தகைய தீர்மானத்தை முன்மொழிய நாம் சித்தமாயிருக்கிறோம்.

ஆஸ்திரேலியரின் முயல் என்னாயிற்று என்றும் சிலர் கேட்பர். துப்பாக்கியால் அது குறையவில்லை. 1950-இல் பரப்பிய ஒரு நோயே, கொசுவின் மூலம் பரவி, முயல்களைப் பெருவாரியாகக் கொன்றது. பின் முயல்களுக்கு அந்நோயைத் தாங்கும் வலிமை வந்துவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 தொடங்கி 1907 வரை 1,139 மைல் நீளத்துக்கு ஒரு வேலி கட்டினர்; அது முடிவதற்குள் முயல்கள் அதனைக் கடந்து மறுபுறம் போய்விட்டன. வளைகளை உழுது தகர்த்த இடங்களிலும், ஒருவர் நிலத்தில் தகர்த்து அண்டை நிலத்தார் வாளாவிருந்தால் அடுத்த ஆண்டே பழைய நிலைதான்.

நாம் வேலியைப் பற்றி எண்ணுகையில் இதனை நினைவில் வைத்திருக்கிறோம். தனித்தனியே வேலி கட்டினால் பன்றி வேலியில்லாத வயலின் வழியே எல்லா வயலுக்கும் வரும். மனுதாரர் நிலங்களும் அவற்றை ஒட்டிய நிலங்களும் சேர்ந்து ஒரே வளாகமாக அமைவதால், சூரிய ஒளியால் இயங்கும் அதிர்வு வேலி ஒன்றைப் பொதுவாகப் போட்டு, செலவை நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கிட்டு, சங்கத்தின் மத்திய காலக் கடனில் அதனைச் சேர்க்கலாமா என்று செயலாளர் கணக்கிட்டு வருகிறார். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் கொடுக்கும் பழக்கம் எவருக்கேனும் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். அது குற்றம், அதனால் ஆளே செத்த சம்பவங்களும் உண்டு. மனுவிற் கையொப்பமிட்டவர்களும் அவர்கள் அண்டை நிலத்தாரும் சர்வே எண், வேலி போட வேண்டிய பக்கத்தின் நீளம், சென்ற இரண்டு போகத்தில் நேர்ந்த சேதம் ஆகியவற்றை எழுதி மகாசபைக்கு ஒரு வாரம் முன்பாகச் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.